சட்டத்தின் வழியே தேயும் ஜனநாயகம்: இலங்கை தரும் பாடம்

1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இலங்கை வாக்காளர்கள் முன் இரண்டு சின்னங்கள் வைக்கப்பட்டன. ஒன்று விளக்கு, மற்றொன்று பானை. அப்போதைய நாடாளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத்தேர்தல் இன்றி மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கச் சம்மதிப்பவர்கள் விளக்குச் சின்னத்துக்கும், மறுப்பவர்கள் பானைச் சின்னத்துக்கும் வாக்களிக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

விளக்கு வென்றது. ஆதரவாகச் சுமார் 31 லட்சத்து 41 ஆயிரம் வாக்குகளும், எதிராகச் சுமார் 26 லட்சத்து 6 ஆயிரம் வாக்குகளும் பதிவாகின. 1977 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் 1988 டிசம்பர் வரை, பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுத்தேர்தலைச் சந்திக்காமல் நீடித்தது.

இராணுவம் அரண்மனையைக் கைப்பற்றவில்லை. அரசியலமைப்பு இரத்துச் செய்யப்படவும் இல்லை. நடந்தவை அனைத்தும் அரசியலமைப்பு வகுத்த நடைமுறைப்படியே நடந்தன. நவீன அரசுகளில் ஜனநாயகம் எவ்வாறு படிப்படியாகத் தேய்கிறது என்பதை ஆராய்வோருக்கு இலங்கையின் அனுபவம் முக்கியமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

புரட்சியிலிருந்து சட்டத்திருத்தத்திற்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு ஜனநாயகம் வீழ்ந்தது என்றால் அது பெரும்பாலும் இராணுவப் புரட்சியையே குறித்தது. 1973இல் சிலியிலும், 1958, 1977 ஆகிய ஆண்டுகளில் பாகிஸ்தானிலும் நடந்தது அதுதான். வீழ்ச்சி நிகழ்ந்த நாள் எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

பனிப்போர் முடிந்த பின்னர் இந்த நிலை மாறியது. வெளிப்படையான இராணுவப் புரட்சிகள் குறைந்துவிட்டன என்றும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியாளர்களே தமது அதிகாரத்தின் மீதுள்ள கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக அகற்றும் போக்கு முக்கிய இடத்தைப் பிடித்துள்ளது என்றும் அரசியல் அறிஞர் நான்சி பெர்மியோ 2016இல் வெளியான தமது ஆய்வில் சுட்டிக்காட்டினார்.

இந்த வகைத் தேய்வில் வீழ்ச்சி நாள் என்று ஒன்று இருப்பதில்லை. தேர்தல்கள் நடக்கும், நீதிமன்றங்கள் திறந்திருக்கும், பத்திரிகைகளும் வெளிவரும். ஆனால் ஆளும் கட்சி தோற்கக்கூடும் என்ற சாத்தியமே தேர்தலுக்குப் பொருள் தருகிறது. அந்தச் சாத்தியம்தான் சிறிது சிறிதாகக் குறைக்கப்படுகிறது.

முதலில் இழந்தவர்கள்

இலங்கையில் இந்தத் தேய்வின் தொடக்கம் சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே காணப்படுகிறது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர்களின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து கொண்டுவரப்பட்ட தேர்தல் சட்டத்திருத்தமும் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களும் இல்லாமற் போயின.

நாடாளுமன்றப் பெரும்பான்மை வாக்காளர் பட்டியலையே மாற்றி அமைக்கலாம் என்பதற்கு இது முன்னுதாரணமானது. இந்தப் பிரச்சினையை முன்வைத்துத் தமிழ் காங்கிரசிலிருந்து பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆனால் நாட்டின் ஏனைய பகுதிகளில் இதனை ஜனநாயகத்தின் இழப்பாகக் கருதியோர் சிலரே. அது வேறொரு சமூகத்தின் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது.

அடுத்த முன்னுதாரணம் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான அரசால் ஏற்படுத்தப்பட்டது. 1970இல் ஐந்தாண்டுகளுக்குத் தெரிவான நாடாளுமன்றம், 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பின் மூலம் தனது பதவிக்காலத்தை 1977 வரை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973இல் அரச கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டது. 1971இல் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஆக, பின்னர் வந்த அரசு புதிய பாதை எதனையும் வெட்டவில்லை. இருந்த பாதையில் வெகுதூரம் சென்றது என்பதே பொருந்தும்.

ஆறில் ஐந்து பெரும்பான்மை

1977 ஜூலை 21ஆம் தேதி நடந்த தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தன தலைமையிலான ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்குகளைப் பெற்றது. தொகுதிவாரித் தேர்தல் முறையின் காரணமாக 168 இடங்களில் 140 இடங்கள் அக்கட்சிக்குக் கிடைத்தன. சுமார் 30 சதவீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு இடங்களே கிடைத்தன. 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

வாக்காளர்களில் பாதிப் பேரின் ஆதரவு, ஆறில் ஐந்து பங்கு நாடாளுமன்ற பலமாக மாறியது. அரசியலமைப்பை மாற்றுவதற்குத் தேவை மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே.

1978 பிப்ரவரி 4ஆம் தேதி ஜெயவர்த்தன நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதலாவது ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அத்துடன் உயர்நிலை நீதிமன்றங்களின் நீதிபதிகள் அனைவரின் பதவிகளும் முடிவுக்கு வந்தன. மீண்டும் நியமிக்கப்பட வேண்டிய நிலையில் இருந்த அவர்களில் பலருக்கு அந்த நியமனம் கிடைக்கவில்லை. யாரும் பதவி நீக்கம் செய்யப்படவில்லை என்று சட்டப்படி கூற முடிந்தது.

ஒவ்வொரு தடைக்கும் ஒரு திருத்தம்

முந்தைய ஆட்சியின் அதிகாரத் துஷ்பிரயோகங்களை விசாரிக்க 1978இல் விசேட ஜனாதிபதி ஆணைக்குழுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தமக்கு எதிரான விசாரணையை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க தொடுத்த வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உடனடியாக அரசியலமைப்புக்கு முதலாவது திருத்தம் கொண்டுவரப்பட்டு, அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் குறைக்கப்பட்டது. சட்டமும் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது.

1980 அக்டோபர் 16ஆம் தேதி நாடாளுமன்றத் தீர்மானம் ஒன்றின் மூலம் அவரது குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. நாடாளுமன்றத்திலிருந்தும் அவர் வெளியேற்றப்பட்டார். ஆட்சியை எதிர்த்துப் போட்டியிடக்கூடிய வலுவான வேட்பாளர் இவ்வாறு அகற்றப்பட்டார்.

அதே ஆண்டு ஜூலையில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற சுமார் 40 ஆயிரம் ஊழியர்கள் வேலை இழந்தனர். தொழிற்சங்க இயக்கம் அதிலிருந்து நெடுங்காலம் மீளவில்லை.

வடக்கில் நிலைமை மேலும் கடுமையாக இருந்தது. 1979 ஜூலையில் தற்காலிகச் சட்டம் என்ற பெயரில் நிறைவேற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம், குற்றச்சாட்டு இன்றிப் பதினெட்டு மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்து வைக்க அனுமதித்தது. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவும் அது இடமளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு என்று கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது.

1981 ஜூன் 4ஆம் தேதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னதாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97 ஆயிரம் நூல்கள் அழிந்தன. யாழ்ப்பாணத்தில் நடந்த வாக்கெடுப்பில் கடுமையான முறைகேடுகள் இடம்பெற்றன. இவற்றுக்கு அரசு பொறுப்புக்கூற வேண்டிய நேரத்தில், 1981 ஜூலையில், அரச தரப்பு உறுப்பினர்கள் எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அரசைக் கண்காணிக்க வேண்டிய மன்றம், அரசை விமர்சித்தவரையே கண்டித்தது.

விளக்கும் பானையும்

1982 ஆகஸ்டில் மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம், பதவிக்காலம் முடியும் முன்னரே ஜனாதிபதித் தேர்தலை நடத்த ஜனாதிபதிக்கு அனுமதி அளித்தது. அக்டோபர் 20ஆம் தேதி தேர்தல் நடந்தது. குடியியல் உரிமை இழந்திருந்த சிறிமாவோ போட்டியிட முடியவில்லை. ஜெயவர்த்தன சுமார் 52.9 சதவீத வாக்குகளுடன் வெற்றி பெற்றார்.

இந்த வெற்றியே ஆளும் கட்சிக்கு ஒரு சிக்கலைத் தோற்றுவித்தது. 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்திருந்தது. 1983இல் நடக்க வேண்டிய பொதுத்தேர்தலில் அதே அளவு வாக்குகள் கிடைத்தாலும் ஆட்சி நிலைக்கும். ஆனால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை நிலைக்காது. நினைத்தபோது அரசியலமைப்பைத் திருத்தும் வல்லமை பறிபோகும்.

ஆளும் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களிடமிருந்து தேதியிடப்படாத பதவி விலகல் கடிதங்கள் பெறப்பட்டு ஜனாதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டன. எதிர்க்கட்சிக்குள் நக்சலைட் சதி ஒன்று உருவாகியுள்ளதாக அரசு குற்றஞ்சாட்டியது. பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தும் நான்காவது திருத்தம் நவம்பரில் நிறைவேறியது. இந்தத் திருத்தம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது ஏழு நீதிபதிகளில் நால்வர் அதற்கு வழிவிட்டனர், மூவர் மாறுபட்டனர்.

வாக்கெடுப்பு அவசரகால நிலையின் கீழ் நடந்தது. எதிர்க்கட்சியின் பல செயற்பாட்டாளர்கள் கைது செய்யப்பட்டனர். கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளேடு மூடப்பட்டது. வாக்குச்சாவடிகளில் மிரட்டலும் ஆள்மாறாட்டமும் நடந்ததைத் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பின்னர் பதிவு செய்தது.

இத்தனைக்குப் பின்னரும் கிடைத்த ஆதரவு வாக்குகள், இரண்டு மாதங்கள் முன்பு ஜெயவர்த்தன பெற்ற வாக்குகளை விடச் சுமார் 3 லட்சம் குறைவு. பதிவு செய்யப்பட்ட வாக்காளர்களில் நாற்பது சதவீதத்துக்கும் குறைவானோரே நீட்டிப்பை ஆதரித்திருந்தனர். ஆறில் ஐந்து பெரும்பான்மை இந்த ஆதரவின் பலத்தில்தான் மேலும் ஆறு ஆண்டுகள் பாதுகாக்கப்பட்டது.

தீர்ப்பும் பதவி உயர்வும்

நீதிமன்றங்கள் முற்றாக மௌனமாகிவிடவில்லை. சர்வஜன வாக்கெடுப்பின்போது மதகுருமார் அமைப்பு ஒன்றின் துண்டுப்பிரசுரங்களைக் கைப்பற்றிய காவல்துறை அதிகாரி, கருத்துச் சுதந்திரத்தை மீறினார் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த அதிகாரிக்கு அரசு பதவி உயர்வு வழங்கியது. இழப்பீட்டுத் தொகையையும் அரசே செலுத்தியது.

1983 மார்ச் 8ஆம் தேதி மகளிர் தினத்தன்று இடதுசாரித் தலைவர் விவியன் குணவர்தன கைது செய்யப்பட்டது தொடர்பான வழக்கிலும் இதுவே நடந்தது. அவரது உரிமை மீறப்பட்டதாக ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்குப் பதவி உயர்வும் வந்தது. சில நாட்களில் கும்பல்கள் நீதிபதிகளின் வீடுகள் முன் கூடிக் கூச்சலிட்டன. பதவி உயர்வுகளுக்குத் தாமே உத்தரவிட்டதாக ஜனாதிபதி ஒப்புக்கொண்டார் என்று சர்வதேச நீதிவல்லுநர் ஆணைக்குழுவுக்காக பால் சீகார்ட் தயாரித்த 1984ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது.

தீர்ப்பு அப்படியே நின்றது. ஆனால் அடுத்த முறை சட்டத்தை மீற எண்ணும் அதிகாரிக்கும், அடுத்த வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்கும் செய்தி சென்று சேர்ந்தது.

மூடப்பட்ட கதவுகள்

ஒரு மாதம் கழித்து 1983 ஜூலை வன்செயல்கள் வெடித்தன. தமிழர்கள் படுகொலை செய்யப்பட்டனர், அவர்களது வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அரசு இதற்கு இரண்டு விதமாக எதிர்வினை ஆற்றியது.

முதலாவது, ஜே.வி.பி. உள்ளிட்ட மூன்று இடதுசாரிக் கட்சிகள் தடை செய்யப்பட்டன. இரண்டாவது, ஆகஸ்ட் 8ஆம் தேதி நிறைவேற்றப்பட்ட ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும் என்றது. 1977 தேர்தலில் தனித் தமிழ் ஈழக் கோரிக்கையை முன்வைத்தே வென்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதனை ஏற்கவில்லை. அவர்கள் தமது ஆசனங்களை இழந்தனர்.

பொதுத்தேர்தல் அட்டவணைப்படி 1983இல் நடந்திருந்தால், வடக்கு கிழக்கு வாக்காளர்களுக்குத் தமது பிரதிநிதிகளை மீண்டும் தெரிவு செய்யும் வாய்ப்பேனும் இருந்திருக்கும். அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரி 15ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தமிழ் அரசியலின் முடிவுகள் நாடாளுமன்றத்துக்கு வெளியே, ஆயுதம் ஏந்தியவர்களால் எடுக்கப்படலாயின.

தெற்கிலும் இதே கதைதான். 1982 ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு நான்கு சதவீதத்துக்கும் சற்று அதிகமான வாக்குகளைப் பெற்றிருந்த ஜே.வி.பி., தடையின் பின்னர் தலைமறைவானது. 1987 முதல் 1989 வரை நடந்த அதன் இரண்டாவது கிளர்ச்சியிலும் அதை அடக்கிய அரச வன்முறையிலும் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

இலங்கைப் போருக்கும் கிளர்ச்சிக்கும் வேறு பல காரணங்களும் உண்டு. எனினும் குறைகளை வாக்குச்சீட்டின் மூலம் வெளிப்படுத்தும் வழி, அது மிகவும் தேவைப்பட்ட ஆறு ஆண்டுகளில் மூடப்பட்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஏனைய நாடுகளில்

இதே வழிமுறைகள் பிற நாடுகளிலும் காணப்படுகின்றன. ஹங்கேரியில் 2010ஆம் ஆண்டு விக்டர் ஓர்பானின் பிதெஸ் கட்சி பெற்ற வாக்குகள் சுமார் 53 சதவீதம். அதற்குக் கிடைத்ததோ மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். 2012இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62ஆகக் குறைக்கப்பட்டதால் மூத்த நீதிபதிகள் பலர் வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

வெனிசுவேலாவில் 2004இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கை 20இலிருந்து 32ஆக உயர்த்தப்பட்டது. துருக்கியில் ஜனாதிபதிக்கு விரிவான அதிகாரங்களை வழங்கிய 2017ஆம் ஆண்டின் சர்வஜன வாக்கெடுப்பு அவசரகால நிலையின் கீழ் நடந்தது; சுமார் 51 சதவீதத்தினர் அதனை ஆதரித்தனர்.

இத்தகைய அரசுகள் இயற்றும் ஒவ்வொரு விதியும் ஏதேனும் ஒரு நல்ல ஜனநாயக நாட்டில் இருப்பதாகவே இருக்கும். அவை ஒன்றுசேரும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று ஹங்கேரி குறித்து ஆராய்ந்த கிம் லேன் ஷெப்பெலி விளக்கியுள்ளார். இலங்கைக்கும் இது பொருந்தும். ஜனாதிபதி ஆட்சிமுறை, சர்வஜன வாக்கெடுப்பு, ஊழல் விசாரணை ஆணைக்குழு ஆகியவை தம்மளவில் ஜனநாயகத்துக்கு விரோதமானவை அல்ல.

மாறான ஓர் உதாரணம் இந்தியா. 1975இல் பிரகடனப்படுத்தப்பட்ட நெருக்கடி நிலையின்போது மக்களவையின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் திமுக அரசு 1976 ஜனவரி 31ஆம் தேதி கலைக்கப்பட்டது. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடத்தப்பட்டது, ஆளும் கட்சி தோற்றது, ஆறு ஆண்டுகளாக்கப்பட்டிருந்த மக்களவையின் பதவிக்காலம் பின்னர் மீண்டும் ஐந்து ஆண்டுகளாக்கப்பட்டது. தேர்தல் கதவு திறந்ததால் தேய்வைச் சரிசெய்ய வாய்ப்புக் கிடைத்தது.

திரும்பத் திரும்ப ஒரே பாதை

இலங்கையில் பின்னர் வந்தவர்கள் எதிர்க்கட்சியில் இருந்தபோது 1978 அரசியலமைப்பைக் கண்டித்தார்கள். ஆட்சிக்கு வந்ததும் அதனைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் இரு தடவை மட்டுமே ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை 2010 செப்டம்பரில் 18ஆவது திருத்தம் நீக்கியது. 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க நாடாளுமன்றத் தீர்மானத்தின் மூலம் நீக்கப்பட்டார். 2015இல் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அவற்றில் பெரும்பகுதியை மீண்டும் வழங்கியது. இரண்டு ஆண்டுகளில் பொருளாதாரம் வீழ்ந்து, மக்கள் கிளர்ந்தெழ, அந்த அதிகாரங்களைப் பெற்ற ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுத் தப்பிச் சென்றார்.

தடைகள் பயனற்றவை அல்ல என்பதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு டிசம்பர் 13ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 19ஆவது திருத்தம் ஏற்படுத்திய வரம்பே அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது.

மறுபுறம், தேர்தல்களைத் தள்ளிவைக்கும் பழக்கம் மறையவில்லை. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல்கள் நிதி இல்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. இது வாக்காளர்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில் அவை நடத்தப்பட்டன.

கவனிக்க வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து சில அடையாளங்களைத் தொகுக்கலாம். அரசுக்குப் பாதகமான தீர்ப்பு வந்தவுடன் சட்டம் திருத்தப்படுவது, வலுவான எதிர்ப்பாளர் தேர்தலுக்கு முன்னதாகவே தகுதி இழப்பது, தற்காலிகச் சட்டங்கள் நிரந்தரமாவது, உரிமையை மீறிய அதிகாரி வெகுமதி பெறுவது, ஏதேனும் ஒரு காரணத்தால் தேர்தல் தள்ளிப்போவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் கூறப்படும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பதே குடிமக்களின் பொறுப்பு.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. இத்தகைய நடவடிக்கைகள் பெரும்பான்மையினர் அனுதாபம் கொள்ளாத ஒரு தரப்பின் மீதே முதலில் பாய்கின்றன. 1948இல் தோட்டத் தொழிலாளர்கள், 1979இல் வடபகுதி இளைஞர்கள், 1980இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவ்வாறு இலக்கானார்கள். 1982 டிசம்பரில் பறிபோனது நாட்டின் அத்தனை வாக்காளர்களின் பொதுத்தேர்தல். வடக்கு இளைஞர்களுக்கு எதிராக இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் பத்தாண்டுகளுக்குள் தெற்கின் சிங்கள இளைஞர்கள் மீதும் பிரயோகிக்கப்பட்டது.

1982இல் பாதுகாக்கப்பட்ட மூன்றில் இரண்டு பெரும்பான்மை, இலங்கை அரசியலில் எப்போதும் ஒரு சோதனையாகவே இருந்து வந்துள்ளது. 1977, 2010, 2020 ஆகிய ஆண்டுகளின் பெருவெற்றிகள் ஒவ்வொன்றும் ஜனாதிபதியின் அதிகாரத்தை வளர்க்கும் மாற்றத்திலேயே முடிந்தன. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 இடங்களில் 159 இடங்களை வென்று அதே பெரும்பான்மையைப் பெற்றது. அதன் முதன்மைக் கட்சி, 1983இல் தடை செய்யப்பட்ட அதே ஜே.வி.பி. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக அது தனது தேர்தல் அறிக்கையில் உறுதியளித்திருந்தது. முன்னைய மூன்று பெரும்பான்மைகளிலிருந்து நான்காவது வேறுபட்டதா என்பதை அந்த உறுதிமொழியைக் கொண்டே வரலாறு அளவிடும்.